மழை வந்தால் விழும் சுவிட்ச்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகப் பெருகும் பள்ளத்தாக்கிலே அமைந்த ஊர் கித்துல்கல. அம்மலைகளின் நீரை மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கலாயிற்று. இவ்வாறு நாட்டுக்கு ஒளி தந்த அதே மழைதான், இன்று அப்பகுதிக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்தியிருக்கும் குடும்பங்களுக்குத் தலைவேதனையாகவும் இருக்கின்றது.

2016ஆம் ஆண்டில் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டத்தைத் தொடங்கியதன் பின்னர், கூரையிற் பிறக்கும் மின்சாரத்தை மின்சபைக்கு விற்கும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. வெயில் நாட்களில் தகராறு எதுவுமில்லை. வைகாசி பிறந்து தென்மேல் பருவக்காற்று மலைச்சரிவில் மோதத் தொடங்கியதும் ‘ட்ரிப் சுவிட்ச்’ விழுகிறது. தூக்கி விட்டால் மீண்டும் விழுகிறது. பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும் ஒன்றுமே நடவாதது போல எல்லாம் ஓடுகின்றன. மாலையில் வந்து பார்க்கும் மின்னியலாளர், “பழுது எதுவும் இல்லையே!” என்று கூறிப் போய்விடுகின்றார். மறுநாள் காலையில் பழைய கதைதான்.

இதன் காரணத்தை அறிய, அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பி வழியே சென்ற மின்னோட்டம் மறு கம்பி வழியே முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கின்றது. வீடுகளிற் பொதுவாக உள்ள வகை, 30 மில்லி அம்பியர் அளவு குறைந்தாலே துண்டித்துவிடும். குறைந்த அந்த மின்னோட்டம் ஈரச் சுவர் வழியாகவும் போயிருக்கலாம், ஒரு குழந்தையின் உடல் வழியாகவும் போயிருக்கலாம். இரண்டுக்கும் சுவிட்சுக்கு வேற்றுமை தெரியாது. ஆகையால், தொல்லை பொறுக்காமல் அதனை நீக்கிவிட்டு நேரே கம்பி கொடுப்பவர், வீட்டாரின் உயிர்க்காவலையே கழற்றி எறிகிறார் என்றே கொள்ளவேண்டும். இந்த ‘உதவியை’ச் செய்து கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

முதலாவதாக, விழுந்தது எது என்று பாருங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்ததா? அல்லது, நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் ‘இன்வேர்ட்டர்’ பெட்டி தானே நின்று, சிவப்பு விளக்கும் பிழைக் குறியும் காட்டுகிறதா? மரம் முறிந்து தெருக் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது பெட்டி நிற்பது பழுதே அன்று. கம்பத்தில் வேலை செய்பவரைக் காப்பதற்காக அது அப்படித்தான் அமைக்கப்பட்டுள்ளது. இரவிலே சுவிட்ச் விழுமாயின் சூரியத் தகட்டின்மேல் பழி போடுவது பெரும்பாலும் வீண். வாசல் விளக்கையும் நீர்ப்பம்பியையும் வெளிச்சுவர்ப் பிளக்கையும் சோதிக்க வேண்டும்.

பெட்டி, ஒவ்வொரு காலையிலும் வேலை தொடங்குமுன், தகடுகளுக்கும் புவித்தொடுப்புக்கும் இடையிலுள்ள காவலிடல் தடையை அளந்து பார்க்கிறது. விடியற்காலையில் நின்று, ஈரம் உலர்ந்தபின் ஓடுவதன் மர்மம் இதுவே. நல்ல தகடு நனைவதால் மட்டும் இத்தடை அவ்வளவாக வீழ்ந்துவிடாது. ஒரு சதுர மீற்றருக்கு 40 மெகா ஓம் என்பது சர்வதேச அளவுகோல். இரண்டு சதுர மீற்றர்த் தகடுகள் பத்து என்றால், சேர்ந்து 2 மெகா ஓம். 400 வோல்ற்றிலும் கசிவு ஒரு மில்லி அம்பியரில் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்கு மேல் கசிகிறதென்றால் எங்கோ காயம் இருக்கிறது. கூரைத் தகரத்தின்மேல் தண்ணீரிற் கிடக்கும் இணைப்பி, வெவ்வேறு கம்பெனிகளின் இணைப்பிகளை வலிந்து பொருத்திய இடம், சட்டத்தின் விளிம்பில் உராய்ந்த கம்பி, அணிலோ எலியோ கடித்த உறை, மேற்புறத்தில் துளையிட்டுக் கம்பி நுழைத்ததால் தண்ணீர் இறங்கிய சுவிட்ச் பெட்டி - பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாக இருக்கும்.

பெட்டி பிழை எதுவும் காட்டாமல், அதனுடன் சேர்ந்த ட்ரிப் சுவிட்ச் மாத்திரம் விழுந்தால், கதை வேறாகலாம். ஈரக் கண்ணாடியும் புவித்தொடுப்புள்ள சட்டமும் சேர்ந்து தகட்டைப் பெரிய கொள்ளளவியைப் போலாக்குகின்றன; பழுதில்லாமலே சிறிது மின்னோட்டம் கசியும். இதற்கென, இன்வேர்ட்டர் வழிக்குத் தனியாக 100 அல்லது 300 மில்லி அம்பியர் சுவிட்சைத் தயாரிப்பாளர் குறித்த வகையிலே பொருத்துவதுண்டு. அது தகுதி பெற்றவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். வீட்டுப் பிளக்குகளுக்குரிய 30 மில்லி அம்பியர்க் காவல் அப்படியே இருக்கவேண்டும்.

காயத்தைத் தேடும் காலம் ஈரம் காயாத காலமே. நனைந்த கூரையில் ஏறவேண்டியதில்லை. கீழே, பெட்டியண்டை வரும் கம்பிகளிலேயே அளக்கலாம். மாணவர்கள் இதனைக் கவனிக்க: 400 வோல்ற் தரும் பத்துத் தகடுகளின் வரிசையை முறைப்படி பிரித்தபின், நேர் முனைக்கும் புவிக்கும் இடையே 120 வோல்ற், மறை முனைக்கும் புவிக்கும் இடையே 280 வோல்ற் என்று மானி காட்டினால், தகட்டுக்கு 40 வோல்ற் ஆதலால், நேர் முனையிலிருந்து மூன்றாம் தகட்டுக்கும் நான்காம் தகட்டுக்கும் நடுவிலே கசிவு இருக்கிறது. ஒரு சிறு வகுத்தற் கணக்கு, கூரை முழுவதையும் கலைக்காமல் இடத்தைக் காட்டிவிடுகிறது!

எனினும் இந்த அளவீடு வீட்டாருக்குரியதன்று. வெளிச்சம் இருக்கும்வரை, சுவிட்சை அணைத்தாலும் தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஓடும் நிலையில் இணைப்பியைப் பிடுங்கினால் நேரோட்டப் பொறி எளிதில் அணையாது. கையையும் கூரையையும் சுடும். சுவிட்ச் இரண்டாம் முறையும் விழுந்தால் மூன்றாம் முறை தூக்காதீர்கள். முதலில் ஆடலோட்டச் சுவிட்சையும் பின்னர் நேரோட்டச் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

ஆள் வருவதற்குள் வானம் வெளுத்துவிடும் என்று அஞ்சுவோர், பெட்டியருகே ஒரு பழைய கொப்பியைத் தொங்கவிடலாம். நாள், நேரம், தூறலா அடைமழையா, விழுந்த சுவிட்ச், பெட்டி காட்டிய எண், மீண்டும் ஓடிய நேரம் ஆகியவற்றை வீட்டுப் பிள்ளை எழுதி வரட்டும். உலர்ந்த நாளில் வரும் மின்னியலாளரிடம் அக்கொப்பியைக் கொடுத்து, காவலிடல் மானியைக் கீழே பொருத்திவிட்டு, தரையில் நின்றபடி குழாய்நீரைத் தகடுகளின்மேல் பகுதி பகுதியாகப் பாய்ச்சிப் பார்க்கும்படி கேளுங்கள். எந்தப் பகுதி நனைந்ததும் மானியின் அளவு சரிகிறதோ, ஏணியை அங்கே சாத்தலாம். கூரை உலர்ந்த பிறகு.