கைக்குழந்தையோடு விமான நிலையம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மீனம்பாக்கத்தில் மழலைக் குரல்கள் கூடிவிடும். முதன்முறையாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறப்போகிறவர்கள், நடுவானில் அழுதால் என்ன செய்வது என்றுதான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் அல்லாட்டம் பெரும்பாலும் தரையில்தான்: கவுன்டரில் ஒரு சான்றிதழ் இல்லாமல், சோதனை வரிசையில் ஒரு பால் பாட்டிலால். குழந்தைகளுக்கு விதிகள் நிறையவே விட்டுக்கொடுக்கின்றன. அந்தச் சலுகை எதில் உண்டு, எதில் இல்லை என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு கிளம்பினால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டு வயதுக்குள் இருந்தால் டிக்கெட்டே வேண்டாமாமே?

இருக்கைதான் வேண்டாம், டிக்கெட் வேண்டும். பெரியவர் ஒருவரின் முன்பதிவோடு சேர்த்துக் குழந்தையின் பெயரையும் பதிய வேண்டும். அதற்கென ஒரு கட்டணமும் உண்டு. வயதைக் கணக்கிடுவது பயணம் செய்யும் நாளில். பிள்ளைக்கு மே 14-ம் தேதி இரண்டு வயது நிறைகிறது, மே 5 போய் மே 20 திரும்புகிறீர்கள் என்றால், போகும்போது மடி, வரும்போது தனி இருக்கை, தனி டிக்கெட். இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டுத் திரும்பும் ஊரில் கவுன்டர் முன்னால் நின்று பணம் கட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு தாய் மட்டும் போவதானால், பதிவு செய்யும் முன்பே விமான நிறுவனத்திடம் பேசிவிடுங்கள்.

ஆதார் இன்னும் எடுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் போதுமா?

உள்நாட்டுப் பயணத்துக்குப் போதும். பெற்றோரிடம் சரியான அடையாள அட்டை இருந்தால், கூட வரும் சிறாருக்கு முனைய வாசலில் தனி அடையாளம் தேவையில்லை. குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. வாசலில் விட்டுவிட்டார்களே என்று நிம்மதியாக உள்ளே போனால், விமான நிறுவனத்தின் கவுன்டரில் வயதுச் சான்று கேட்பார்கள். இரண்டு வயதுக்குள்தான் என்று காட்ட முடியாவிட்டால் முழுக் கட்டணம் கட்டச் சொல்லவும் கூடும். பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ பாஸ்போர்ட்டோ, ஏதாவது ஒன்று கைப்பையில், எட்டும் இடத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்தே இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும், மடியில் குழந்தை இருந்தால் கவுன்டருக்குப் போக வேண்டியிருக்கலாம். உள்நாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் 60 நிமிடத்துக்கு முன்பே கவுன்டரை மூடிவிடுகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாஸ்போர்ட் படத்தில் மூன்று மாதக் குழந்தை. இப்போது நான்கு வயது. முகமே மாறிவிட்டதே?

அதனால் பாஸ்போர்ட் செல்லாமல் போகாது. குழந்தை முகம் மாறும் என்பது குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரியாததா என்ன? பார்க்க வேண்டியது காலாவதித் தேதியை. பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும், சிறு பிள்ளைகளுக்கு 5 ஆண்டுதான். நம்முடையது இருக்கிறதே என்ற நினைப்பில் பிள்ளையுடையதை மறந்துவிடுவோம். அது இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாடுகள் பல.

தாய் மட்டும், அல்லது பாட்டி மட்டும் குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனால்?

உடன் வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் ஒன்றை, நோட்டரி கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாடும் கேட்பதில்லை. கேட்கிற இடத்தில் அது இல்லாவிட்டால் விசாரணை நீளும். பிள்ளையோடு பயணம் செய்பவர்கள் இப்படி ஒரு கடிதம் வைத்திருக்க வேண்டும் என்று கனடா அரசே பரிந்துரைக்கிறது.

பால், கஞ்சி, கிரைப் வாட்டர் எல்லாவற்றையும் சோதனையில் பிடுங்கிவிடுவார்களா?

மாட்டார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்பது விதி. குழந்தைக்கான பாலும் உணவும் மருந்தும் அதற்கு விலக்கு. பயணத்துக்குத் தேவையான அளவு என்பதுதான் வரம்பு. ஆறு மணி நேரப் பயணத்துக்கு மூன்று நாள் கஞ்சி வேண்டாம். இவற்றைத் தனிப் பையில் போட்டு, அதிகாரி கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுவது நல்லது. திறந்து காட்டச் சொல்லலாம், தயங்க வேண்டியதில்லை. பிளாஸ்க்கில் வெறும் வெந்நீர் என்றால் ஒருவர் விடுவார், இன்னொருவர் விடமாட்டார். பால் பவுடரை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு, சோதனை முடிந்த பிறகு உள்ளே காபிக் கடையில் வெந்நீர் கேட்பது நிச்சயமான வழி. விமானத்திலும் கேட்கலாம். சூடு பார்த்துக் கலக்குங்கள்.

பிள்ளையின் விளையாட்டுச் சாமான் பையையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பொம்மைத் துப்பாக்கி கைப்பையில் இருக்கக்கூடாது, எவ்வளவு பிளாஸ்டிக்காக இருந்தாலும். கண்ணெதிரே அதைப் பறிகொடுத்த மூன்று வயதுப் பையனைச் சமாதானப்படுத்துவதற்குள் விமானமே கிளம்பிவிடும்.

தூங்கும் குழந்தையை எழுப்பித்தான் சோதிப்பார்களா?

எழுப்ப வேண்டாம், ஆனால் ஸ்ட்ரோலரிலிருந்து தூக்கியாக வேண்டும். வண்டி எக்ஸ்ரே கருவிக்குள் போகும். பெரிதாக இருந்தால் கையால் சோதிப்பார்கள். (2006-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் ஒரு பாட்டி பதற்றத்தில் ஒரு மாதப் பேரனையே ட்ரேயில் வைத்து எக்ஸ்ரேக்குள் அனுப்பிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.)

நம் நாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. உடல் சோதனை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அதாவது கூட்டம் நெருக்கும் இடத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. குழந்தை யாரோடு, போர்டிங் பாஸ்கள் யாரிடம், பைகளை அந்தப் பக்கம் யார் எடுப்பது என்பதை வரிசையில் நிற்கும்போதே பேசிவிடுங்கள். தாயிடம் குழந்தை, மற்றதெல்லாம் தந்தையிடம் என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் குறைவு. தாயின் கையில் குழந்தையும் லேப்டாப்பும் டயப்பர் பையும், தந்தையின் கையில் செல்போன் மட்டும் என்ற காட்சியை நிலையத்துக்கு நிலையம் பார்க்க முடிகிறது.

ஸ்ட்ரோலரை விமானம் வரை தள்ளிக்கொண்டு போகலாமா?

பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. கவுன்டரில் டேக் ஒட்டி வாங்கிக்கொண்டு, ஏறும் இடத்தில் மடித்துக் கொடுத்துவிட வேண்டும். இறங்கியதும் விமான வாசலிலேயே தருவார்களா, பெல்ட்டில்தான் வருமா என்பதை டேக் ஒட்டும்போதே கேளுங்கள். ஏரோபிரிட்ஜ் இல்லாமல் பேருந்தில் ஏற்றிப் படிக்கட்டு வழியாக ஏறச் சொன்னால் ஸ்ட்ரோலர் ஒரு பாரம்தான். ஒரு வயதுக்குள் என்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியரே மேல் என்பேன்.

இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டாவிட்டால் பிள்ளையை வேறு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்களா?

கூடாது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் அல்லது காப்பாளரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. "ஒரே பிஎன்ஆர்" என்பதைக் கவனியுங்கள். சலுகை விலைக்காகத் தனித்தனியாகப் பதிவு செய்தால் இந்த உரிமையைக் கேட்பது கடினம்.

முதலில் ஏறிவிடுவது நல்லதா?

குழந்தையோடு வருபவர்களை முதலில் அழைத்தார்கள் என்பதற்காக எல்லோரும் ஏற வேண்டியதில்லை. ஒருவர் பைகளோடு முன்னால் போகட்டும். ஓடித் திரியும் வயதுப் பிள்ளை இன்னொருவரோடு கேட் அருகிலேயே கொஞ்சம் ஓடட்டும். ஆனால் கேட் 25 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடலாம்.

காது வலிக்குமே?

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும். உள்ளே காற்றழுத்தம் கூடக் கூட, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து அழுத்தம் சமமாக வேண்டும். விழுங்கும்போது அது திறக்கும். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு பால் கொடுக்கத் தொடங்குங்கள். தூக்க மருந்து மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்ததும் வாசலிலேயே கேப் ஏறலாமா?

சென்னையில் செயலி வழி பதிவு செய்யும் கேப்கள் பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்துக்குத்தான் வரும். தூங்கும் குழந்தையோடு அது சற்றே நடை. பெட்டியும் ஸ்ட்ரோலரும் கைக்கு வந்த பிறகு பதிவு செய்யுங்கள். பெல்ட் அருகே நிற்கும்போதே பதிவு செய்தால், ஓட்டுநர் போன் மேல் போன் போடுவார், காத்திருப்புக் கட்டணமும் ஏறும்.