வளரியும் கட்டாரியும்: புதுக்கோட்டையில் எஞ்சிய பழைய ஆயுதங்கள்

தென்தமிழகத்துப் பாளையங்களில் பெரும்பாலானவை 1801ஆம் ஆண்டுப் போரின் முடிவில் கோட்டைகளை மட்டுமன்றி ஆயுதங்களையும் இழந்தன. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், அதே ஆண்டு டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையக்காரர்களும் அவர்களுடைய குடிகளும் ஆயுதம் தாங்கும் உரிமையைப் பறித்தது. வேலும் வாளும் துப்பாக்கியும் ஊர் ஊராகத் திரட்டப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்ற தொண்டைமான்களின் புதுக்கோட்டைக்கு அந்த நிலை நேரவில்லை. அந்த அரசியல் நிலைப்பாட்டை வரலாற்றாசிரியர்கள் எவ்வாறு மதிப்பிட்டாலும், 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை தனி சமஸ்தானமாக நீடித்த இந்நிலப்பரப்பில் அரண்மனை ஆயுதச்சாலையும், படைக்குடிகளின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வாள்களும் அண்டைச் சீமைகளைக் காட்டிலும் நீண்டகாலம் தங்கியிருக்க அதுவே வழிசெய்தது. பழைய ஆயுதங்களைத் தேடுவோருக்கும் ஆராய்வோருக்கும் இம்மாவட்டம் முக்கியமானதாக இருப்பதன் காரணம் இங்குதான் இருக்கிறது.

அவ்வாறு தங்கியவற்றுள் தலையாயது வளரி. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தவ் ஓப்பர்ட், பண்டைய இந்தியரின் ஆயுதங்களைப் பற்றி 1880இல் வெளியிட்ட நூலில், புதுக்கோட்டை அரசரின் ஆயுதச்சாலையில் வளரிகள் எப்போதும் இருப்பில் வைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிடுகிறார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலில், புதுக்கோட்டைத் திவான் தந்த விரிவான விளக்கம் இடம்பெற்றுள்ளது. பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தாலும் சில வேளைகளில் இரும்பாலும் செய்யப்பட்டு, பிறைபோல் வளைந்து, ஒரு முனை மற்றதைவிடக் கனமாகவும் வெளி விளிம்பு கூர்மையாகவும் அமைந்த அந்த ஆயுதத்தை, மெல்லிய முனையில் பிடித்துத் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி வீசுவார்கள் என்றும், பாளையக்காரர் போர்களில் அதற்குப் பெரும் பங்கு இருந்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு என்றும், தம் காலத்தில் முயலும் காட்டுக்கோழியும் வேட்டையாட மட்டுமே அது எப்போதாவது பயன்பட்டதென்றும் திவான் எழுதியிருக்கிறார். மருதுபாண்டியரோடு பழகிப் பின்னர் அவர்களையே எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, சின்னமருதுவிடமே வளரி வீசக் கற்றதாகவும், கைதேர்ந்தவர் 100 கெஜத் தொலைவுக்குள் அதைக் குறிதவறாமல் எறிவார் என்றும் 1830இல் வெளியான தம் நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார்.

வளரியை ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்கோடு ஒப்பிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1884இல் ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட அருங்காட்சியகத்துக்குத் தம் சேகரிப்பை வழங்கிய பிட் ரிவர்ஸ், இவ்விரண்டையும் எகிப்திய எறிகோலையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தார். தோற்றத்தில் ஒப்புமை இருந்தாலும் வளரி எறிந்தவரிடமே திரும்பி வரும் கருவியன்று. இலக்கைத் தாக்கி வீழ்த்துவதே அதன் தொழில். ஒரு முனையின் கனம், மறுமுனையில் கை நழுவாதிருக்க அமைந்த குமிழ், வெளி விளிம்பின் தேய்மானம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மெய்யான வளரியை வெறும் வளைந்த கோலிலிருந்தும், அண்மைக்காலத்தில் விற்பனைக்காகச் செய்யப்படும் பதிலிகளிலிருந்தும் பிரித்தறிய முடியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத் தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் போர்க்களத்துக்கு உரியவை என்று கொள்வது கடினம்; விலையுயர்ந்த அப்பொருளின் இடம் அரண்மனைச் சடங்கிலும் சிறப்பிலுமே இருந்திருக்க வேண்டும்.

வாள், குறுவாள் ஆகியவற்றை அடையாளம் காண்பது இதைவிடச் சிக்கலான பணியாகும். வாள் என்பது ஒரே பொருளாகத் தோன்றினாலும், வெட்டும் பகுதியான அலகு, கைப்பிடிக்குள் மறையும் இரும்பு வால், கையைக் காக்கும் காப்பு, கைப்பிடி, உறை எனப் பல உறுப்புகள் சேர்ந்தது. இவ்வுறுப்புகள் ஒரே காலத்தில் ஒரே ஊரில் செய்யப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. தென்னிந்தியக் கட்டாரியே இதற்குச் சிறந்த சான்று. இரண்டு இணைகம்பிகளுக்கு நடுவே குறுக்குப்பிடி அமைந்து, முட்டியாக மடக்கிய கையின் நீட்சியாகவே அலகு நிற்கும் இந்தக் குத்துவாளில், விஜயநகரக் காலத்திலும் தஞ்சை நாயக்கர் காலத்திலும் புறங்கையை மூடும் ஓடுபோன்ற காப்பும், அதில் யாளியும் இலைக்கொடியும் துளையிட்டுச் செதுக்கிய வேலைப்பாடும் சிறந்து விளங்கின. ஆயினும் பல தஞ்சைக் கட்டாரிகளின் அலகுகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கப்பலில் இறங்கிய நீண்ட வாள்களை நறுக்கி, உள்ளூர்க் கொல்லர்கள் தம் பிடியில் பொருத்தினர். முழு நீள ஐரோப்பிய அலகுக்கு இந்தியக் கைப்பிடி போட்ட வாள் ‘பிரங்கி’ என்றே வழங்கியது. எனவே அலகின்மேல் இலத்தீன் எழுத்தோ, பல்வரிசை கொண்ட இரட்டைப் பிறை முத்திரையோ தென்பட்டவுடன் அதை ஐரோப்பியரின் வாள் என்று முடிவுகட்டுவதும் தவறு, இந்தியக் கைப்பிடியைக் கண்டவுடன் அலகும் இங்கே அடிக்கப்பட்டது என்று நம்புவதும் தவறு. மேலும், இத்தாலிய ஜெனோவாவோடு தொடர்புபடுத்தப்படும் அந்தப் பிறை முத்திரையை ஜெர்மானியரும் காக்கேசியரும் இந்தியரும் தத்தம் அலகுகளில் படியெடுத்தனர். முத்திரை என்பது விசாரணைக்குத் தொடக்கமே தவிர தீர்ப்பாகாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிற பண்பாட்டு ஆயுதங்களும் வெளிப்பட வாய்ப்பு உண்டு. மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள நச்சாந்துபட்டி, ராயவரம், பனையப்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கச் சென்றவர்கள் அந்நாட்டுப் பொருள்களோடு திரும்பியிருக்கிறார்கள். இத்தகைய வீடுகளில் காப்பே இல்லாமல் நீண்ட உருளைப்பிடியோடு சற்றே வளைந்த வாள் கிடைத்தால் அது பர்மியரின் ‘தா’ ஆகலாம். பிடிக்கு அருகே ஒருபுறம் மட்டும் அகன்று, நேராகவோ பாம்புபோல் நெளிந்தோ செல்லும் குறுவாள் மலாய் மக்களின் கெரிஸ். அதன் அலகில் தெரியும் வெளிர் கோடுகள், நிக்கல் கலந்த இரும்பையும் சாதாரண இரும்பையும் மாற்றி மாற்றி மடித்து அடித்ததால் உண்டானவை. கைப்பிடியின் முனையில் சிங்கத்தலை கொண்ட குறுகிய வாள் சிங்களரின் கஸ்தானே. ஜப்பானிய வாளை அறிவதற்கோ கைப்பிடியைக் கழற்றி வாலைப் பார்க்க வேண்டும். கொல்லர் தம் பெயரை வெட்டுவது அங்கேதான், அதில் படிந்த கருந்துருவின் நிறம்தான் வாளின் வயதுக்கு முதன்மையான சான்று. அந்தத் துருவைத் தேய்த்து நீக்கிய ஜப்பானிய வாள் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

துரு எல்லாமே பகையன்று என்ற இந்த உண்மை நம் நாட்டு ஆயுதங்களுக்கும் பொருந்தும். தென்னிந்தியாவின் பெருமைக்குரிய மூசை உருக்கை எடுத்துக்கொண்டால், இரும்பையும் கரிப்பொருளையும் மூடிய மண்மூசையில் இட்டு உருக்கி, மெல்ல ஆறவைத்துப் பெற்ற இந்த எஃகில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு அளவுக்கு இருக்கும். பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் அதன் உலைக்கள எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்தார். அதன் அலகில் நீரோட்டம்போல் தெரியும் கோலம், எஃகுக்குள் இருக்கும் கார்பைடு துகள்கள் அடுக்கடுக்காக அமைவதால் பிறப்பது; வனேடியம் போன்ற தனிமங்கள் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்ததே அதற்குக் காரணம் என்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இக்கோலம் மேற்பரப்பில் மிக மெல்லிய அரிமான வேறுபாடாகவே கண்ணுக்குத் தெரிகிறது. சாணைக்கல்லில் ஒருமுறை பிடித்தால் அது மறைந்துபோகிறது. அதன்பின் அது எந்த எஃகு என்று சொல்ல நிபுணருக்கும் ஆய்வகம் தேவைப்படும். இதற்கு நேர்மாறாக, சாதாரண எஃகின்மேல் அமிலத்தால் கோலம் வரைந்து பழைய உருக்கு என்று விற்கும் ஏமாற்றும் சந்தையில் உண்டு. மெய்யான கோலம் அலகின் சரிவுகளையும் பள்ளங்களையும் ஒட்டி மாறிச் செல்லும். வரைந்த கோலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலம் கணிப்பதற்குச் சிற்பங்கள் பெரிதும் உதவுகின்றன. ஆவுடையார்கோயிலில் வீரபத்திரர் திருவுருவங்கள் ஏந்தும் ஆயுதங்களும், மாவட்டத்தில் சிதறிக்கிடக்கும் நடுகற்களில் வீரன் கையிலும் இடையிலும் காணப்படும் வாளும் குறுவாளும், அவ்வக்காலத்துப் பிடியமைப்புக்குக் கல்லில் நிற்கும் சான்றுகள். ஆனால் தெய்வத்தின் கையில் மரபான வடிவத்தையே சிற்பிகள் வழிவழியாகச் செதுக்கினர் என்பதால், இவ்வகையில் நடுகல் தரும் சான்றுக்குக் கோயில் சிற்பத்தைவிடக் கூடுதல் எடை தரவேண்டும்.

ஐயனார், கருப்பர் கோயில்களில் நேர்த்திக்கடனாக நடப்படும் நெடிய அரிவாள்களைப் போர்க்கருவியாகக் கருதி விலைபேசுவோர் இருக்கிறார்கள். அவை வேண்டுதலுக்காகவே ஊர்க்கொல்லர் செய்தவை. அளவில் மிகப் பெரியவை, பெரும்பாலும் தீட்டப்படாதவை. அவற்றின் இடம் அந்தக் கோயில்தான். அங்கிருந்து அகற்றுவது சேகரிப்பாகாது, திருட்டே ஆகும்.

இடத்தைவிட்டு அகன்ற ஆயுதம் தன் வரலாற்றை எவ்வளவு இழக்கும் என்பதற்குத் தஞ்சையே சாட்சி. 1855இல் தஞ்சை மராத்திய மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தபின், அந்த அரண்மனையின் ஆயுதக் குவியலில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி 1860களில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தப்பியவை ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் சென்றன. உலகின் எல்லா நாட்டு ஆயுதங்களுக்குமான அகராதியை 1934இல் வெளியிட்ட ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கர் தம் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். இத்தகைய தொகுப்புகளால் அழகிய பொருள்கள் காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. ஆனால் இந்தக் கட்டாரி எந்தப் படையில், எந்த ஊரில், எவர் கையில் இருந்தது என்ற செய்தி பெரும்பாலும் தொலைந்துபோனது. புதுக்கோட்டையின் வீடுகளில் இன்னும் இருக்கும் ஆயுதங்களிடம் அந்தச் செய்தி உயிரோடு இருக்கிறது. எந்தப் பெரிய அருங்காட்சியகத்தாலும் விலைகொடுத்து வாங்க முடியாத சிறப்பு அதுவே.

சட்டத்தின் நிலையையும் உரியவர் அறிந்திருக்க வேண்டும். 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அவற்றை வாங்கி விற்கும் வணிகருக்கு உரிமம் வேண்டும். மண்ணுக்கடியில் கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நீண்ட அலகுள்ள வாள்கள் ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடியவை என்பதால், வைத்திருப்பது பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. தந்தப்பிடி போட்ட ஆயுதத்தின் விற்பனைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

வளரியும் பழைய குடும்ப ஆயுதங்களும் வீட்டின் பூசையறையில் வைத்துப் பேணப்பட்டு, ஆயுதபூசை நாளில் வெளியே எடுத்துச் சுரண்டித் துலக்கப்பட்டன என்று திவானின் அதே குறிப்பு சொல்கிறது. அந்தப் பக்தியே அவற்றை இதுவரை காத்தது; அந்தச் சுரண்டலே அவற்றின் முத்திரையையும், பொறித்த எழுத்தையும், கீறிய இரும்பின்மேல் அடித்துப் பதித்த பொன்கம்பி வேலையையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அழித்தும் வந்தது. ஆகவே இம்மாவட்டத்தில் பழைய வாளோ கட்டாரியோ வளரியோ வைத்திருக்கும் குடும்பத்தார் அடுத்த ஆயுதபூசைக்கு உப்புத்தாளையும் செங்கற்பொடியையும் புளியையும் ஒதுக்கிவைக்க வேண்டும். உலர்ந்த பருத்தித்துணியால் துடைத்து, தையல் எந்திர எண்ணெயை மெல்லப் பூசினால் போதும்; உதிரும் செந்துரு இருந்தால் மட்டும் அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் கேட்டு நீக்கலாம். சந்தனமும் குங்குமமும் இரும்பில் ஈரத்தைத் தேக்கும் என்பதால் அவற்றை ஆயுதத்தின்மேல் இடாமல், அது வைக்கப்படும் பலகையில் இடலாம். தோலுறைக்குள் செருகி ஆண்டுக்கணக்கில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, இருபுறமும் படமெடுத்து, எவர் வழியாக, எந்த ஊரிலிருந்து, எந்தப் பெயரோடு அந்த ஆயுதம் வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்து, 1910இல் தொடங்கிய திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்தாரிடம் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்பது அவர்கள் செய்யக்கூடிய பேருதவியாகும்.