கைத்துப்பாக்கியின் விசையும் மாந்தர் காவலும்

தலவிலப் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் ஒன்றும் ஓகஸ்டு மாதத்தில் ஒன்றுமாக இரு பெருவிழாக்கள் நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். சமயபேதமின்றி மக்கள் திரளும் அவ்விழாவிற் பொலிசாரும் காவற்கடமை புரிவர். முன்னொரு விழாவில், கடற்கரை மணலிற் கால் புதைய நடந்து சென்ற ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைச் சுட்டி, என்னுடன் வந்த மாணவனொருவன், “ஐயா, அது தவறிக் கீழே விழுந்தால் வெடிக்குமா?” என வினவினான். “அது எவ்வகைத் துப்பாக்கி என்பதைப் பொறுத்தது” என்றேன். அவ்விடை அவனுக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும் அளிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோளுரசி நிற்கும் இடத்தில் அவ்வினா வெறும் விளையாட்டு வினாவன்று. அதற்குரிய விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டாவின் அடியில் அடிபட்டவுடன் தீப்பற்றும் மருந்து உளது. வில்லுச்சுருளின் வலியால் ஒரு சுத்தியல் அல்லது ஊசி அதனைத் தாக்க, வெடிமருந்து எரிந்து குண்டு வெளிப்படும். சுத்தியலைத் தடுத்து நிறுத்தியிருக்கும் கொளுக்கியை விடுவிப்பதே விரலால் இழுக்கப்படும் விசையின் தொழில். இத்தொழில் எம்முறையில் நடைபெறுகின்றது என்பதைக் கொண்டு விசைகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஒற்றைச் செயல் விசை. இதிற் சுத்தியல் முன்னரே பின்னிழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். விசை அதனை விடுவிப்பது மாத்திரமே செய்யும். நம் வீடுகளில் இழுத்து மாட்டி வைத்த எலிப்பொறியை இதற்கு உவமை கூறலாம். இழுப்பின் பாரம் பெரும்பாலும் 2 கிலோகிராம் அளவினது; விரல் நகரவேண்டிய தூரமும் சிறிது. 1911 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கியும், இந்தியாவின் இஷாப்பூர்த் தொழிற்சாலையில் பிரௌணிங் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்ட 9 மில்லிமீற்றர்க் கைத்துப்பாக்கியும் இவ்வகையின. எலிப்பொறி எளிதில் விழுமன்றோ? ஆதலின் இவற்றிற்குக் கையால் இயக்கும் காப்புப் பூட்டு இன்றியமையாததாயிற்று.

இரண்டாவது, இரட்டைச் செயல் விசை. விரலின் ஒரே இழுப்புச் சுத்தியலைப் பின்னிழுத்துப் பின் விடுவிக்கவும் செய்யும். இழுப்பின் பாரம் 5 கிலோகிராம் வரை செல்லும். பிரித்தானியப் பேரரசெங்கும் வழங்கிய வெப்ளி றிவோல்வரை இரு முறையாலும் சுடலாம். 1938 இல் வெளிவந்த என்பீல்ட் றிவோல்வரின் திருந்திய வகையிலோ, தாங்கி வண்டிகளின் உள்ளே சிக்கிக்கொள்ளாதிருக்கச் சுத்தியலின் கொம்பு நீக்கப்பட்டது. அதனால் இரட்டைச் செயல் ஒன்றே எஞ்சியது. குறி தவறுகின்றதெனப் படைவீரர் முறையிட்டனர். 2014 இல் கான்பூரிலே செய்து வெளியிடப்பட்ட ‘நிர்பீக்’ என்னும் சிறு றிவோல்வரின் எடை ஏறக்குறைய 500 கிராமே. இத்தகைய இலேசான கருவியிற் கனத்த விசையை இழுப்பது எளிதன்று.

மூன்றாவது, ஊசி அமைப்பு. 1982 இல் ஒஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட கிளொக் கைத்துப்பாக்கி இதனைப் பரப்பியது. இதில் வெளிச் சுத்தியல் இல்லை. உள்ளிருக்கும் ஊசி பாதியளவு பின்னிழுக்கப்பட்டிருக்கும். மிகுதியை விசை செய்யும். இழுப்பின் பாரம் சுமார் இரண்டரைக் கிலோகிராம்.

இனி, இழுப்பின் பாரம் குறியை ஏன் கெடுக்கின்றது என்பதை எளிய கணிதத்தால் விளக்குவோம். 1 கிலோகிராம் எடையுள்ள கருவியின் மீது 5 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான இழுப்பை ஒற்றை விரல் செலுத்துகின்றது. கருவி அசையாதிருத்தல் அரிது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் 150 மில்லிமீற்றர் எனக் கொள்க. முன்குறி 1 மில்லிமீற்றர் விலகினால், ஒத்த முக்கோணங்களின் விதிப்படி, 10 மீற்றர்த் தொலைவிற் குண்டு ஏறக்குறைய 67 மில்லிமீற்றரும், 25 மீற்றரில் ஏறக்குறைய 17 சதமமீற்றரும் விலகும். இதனாலேயே போட்டிகளிற் பயன்படும் விசைகள் இலேசானவை. 10 மீற்றர்க் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு 500 கிராமும், 25 மீற்றர்க் கைத்துப்பாக்கிக்கு 1000 கிராமுமே உலக விதிகள் வேண்டும் குறைந்த அளவு. 2024 இற் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் வெண்கலம் வென்ற காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி இவ்விதிக்கு உட்பட்டதே.

அங்ஙனமாயின் எல்லா விசைகளையும் இலேசாக்கினால் என்னை? போட்டி மைதானத்தில் வீரர் நிற்கும் நிலையும் சுடும் திசையும் வரையறுக்கப்பட்டவை. வீதியிலோ ஓடுதல், இடறுதல், திடுக்கிடுதல் யாவும் நிகழும். கால் தவறியவன் கை தன்னையறியாது இறுகும். விரல் விசைமீதிருந்தால் விசையும் இறுகும். இதனை அஞ்சியே நியூயோர்க் நகரப் பொலிசார் 12 இறாத்தல், அதாவது ஐந்தரைக் கிலோகிராம் அளவான கனத்த விசையை வேண்டிப் பெற்றனர். ஆனால் 2012 ஓகஸ்டு 24 ஆம் திகதி, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னர்க் கொலைஞன் ஒருவனை எதிர்த்த இரு பொலிசார் 16 முறை சுட்டபோது, வழிப்போக்கர் 9 பேர் காயமுற்றனர். கனத்த விசையும் அதற்கோர் காரணமெனப் பலர் வாதித்தனர். நெருக்கமும் பதற்றமும் காரணங்களாதலும் கூடும். எங்ஙனமாயினும், தவறி வெடியாமை ஒரு காவல். குறி தவறாமை மற்றொரு காவல் என்பது இதனாற் பெறப்படும். ஒன்றை மிகுத்தால் மற்றது குறையும்.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். 1873 ஆம் ஆண்டின் பழைய கோல்ட் றிவோல்வரிற் சுத்தியல் தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும்; விழுந்தால் வெடிக்கலாம். ஆகையால் அதனைச் சுமந்தோர் ஆறு அறைகளில் ஒன்றை வெறுமையாக விட்டனர். 1905 அளவில் அந்நிறுவனமே சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் இடையே தடையொன்றை அமைத்தது. விசையை முற்றாக இழுத்தாலன்றி அத்தடை விலகாது. கிளொக்கில் விசையின் முகத்தில் ஒரு சிறு நெம்பு உண்டு. அதனை விரல் அழுத்தினாலன்றி விசை நகராது. இவ்வேற்பாட்டின் அருமையைப் பிற்காலத்து நிகழ்ச்சியொன்று உணர்த்திற்று. 2017 இல், சிக் நிறுவனத்தின் பி 320 கைத்துப்பாக்கி குறித்த சில கோணங்களில் விழும்போது வெடிக்கக்கூடுமெனத் தெரியவந்தது. கருவி நிலத்தில் மோதி நின்றும், விசை தன் சடத்துவத்தாற் பின்னோக்கித் தொடர்ந்து நகர்ந்ததே காரணம். நியூற்றனின் முதல் விதி ஈண்டும் தவறவில்லை! நிறுவனம் இலேசான விசையைப் பொருத்தித் திருத்த முன்வந்தது.

ஆகவே, தக்க தடையமைப்புடைய இக்காலக் கைத்துப்பாக்கி, பழுதின்றிப் பேணப்படின், விழுந்தவுடன் வெடித்தல் அரிது. அச்சத்துக்குரியது பிறிதொன்று: விழும் கருவியைப் பதறிப் பிடிக்க முயலும் விரல் விசையிற் படுதல். விழட்டும் என விட்டுவிடுவதே அறிவுடைமை என்பர் பயிற்றுவோர்.

நம் நாட்டில் 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் கருவியை யார் வைத்திருக்கலாம் என்பதை வரையறுக்கின்றது. பொறியியலார் அதன் விசையை வரையறுக்கின்றனர். ஆனால் சுடத் துணியும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருக்கும் ஒழுக்கத்தைச் சட்டமும் தரவியலாது, பொறியும் தரவியலாது. அது பயிற்சியால் வருவது. அம்மாணவனுக்கு அன்று நான் கூறத் தவறிய விடை இதுவே.