புது கோச் வந்த மறுநாள்

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2017 டிசம்பரில் தன் ஃபுட்பால் அணிக்குப் புது கோச்சைக் கொண்டுவந்தது. பெயர் ஜிம்போ ஃபிஷர். பத்து வருட ஒப்பந்தம், மொத்தம் ஏழரைக் கோடி டாலர் சம்பளம். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே பல்கலைக்கழக வேந்தர் அவர் கையில் ஒரு பட்டயத்தைக் கொடுத்தார். தேசிய சாம்பியன் என்று அதில் பொறித்திருந்தது. வருடம் போடும் இடத்தில் 20 என்று மட்டும் எழுதி, மீதி இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். எந்த வருடம் என்பதுதான் பாக்கி, ஜெயிப்பது முடிவாகிவிட்டது! 2023 நவம்பரில் ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நடுவில் நீட்டித்திருந்த ஒப்பந்தத்தை முறித்ததற்கு நஷ்டஈடாக மட்டும் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டியிருந்தது. பட்டயத்தின் காலி இடம் காலியாகவே நின்றது.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம். அதில் காலேஜ் அணிகளுக்கு இருக்கும் மவுசு நமக்கு நம்புவதற்கே கஷ்டம். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். 2011 கணக்கெடுப்பில் நம் திண்டிவனம் நகராட்சியில் இருந்தவர்கள் 72 ஆயிரத்துச் சொச்சம். அத்தனை பேரையும் உட்கார வைத்தாலும் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கும். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோர் பட்டியலில் முதல் ஆள் கவர்னர் இல்லை. காலேஜ் ஃபுட்பால் கோச் அல்லது கூடைப்பந்து கோச். நம் அரசுக் கலைக் கல்லூரி பி.டி. மாஸ்டர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

பந்து எந்த வடிவத்தில் இருந்தாலும் ஒன்று மட்டும் மாறுவதில்லை. தொடர்ந்து உதை வாங்கும் அணிக்குப் புது கோச் வந்த மறுநாள், ரசிகனுக்குத் திடீரென்று ஒரு தெம்பு வரும். இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடியிருக்க மாட்டார்கள். அதே பதினொரு பேர்தான், அதே கிரவுண்டுதான். ஆனால் டீக்கடையில் பேச்சின் சுருதி ஏறிவிடும். இந்தத் தெம்பில் எவ்வளவு நிஜம் என்று நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்துவந்த அறிவியல் ஒன்று சொல்கிறது. அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

சென்னையின் எஃப்.சி., இந்தியக் கால்பந்து லீகான ஐ.எஸ்.எல். கோப்பையை 2015இலும் 2018இலும் வென்ற அணி. அடுத்த சீசனில் 18 மேட்ச்சில் 9 புள்ளி, கடைசி இடம். 2019 அக்டோபரில் புது சீசன் தொடங்கியபோதும் அதே கதிதான். முதல் நான்கு மேட்ச்சில் ஒரு கோல்கூட போடவில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல். அப்போதெல்லாம் மேட்ச் முடிந்து, கோயம்பேட்டில் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் தேதி மாறிவிடும். ஒரு கோலாவது பார்த்துவிட்டு வரலாம் என்று போனவனுக்கு அதுவும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? ஆறு மேட்ச்சில் 5 புள்ளி எடுத்திருந்த நிலையில் கோச் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரம் ஓவன் கோய்ல் வந்தார். இங்கிலாந்தில் பர்ன்லி அணியை 2009இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர்.

பிறகு நடந்தது ரசிகர்கள் இன்றும் சொல்லும் கதை. மீதமிருந்த 12 மேட்ச்சில் 24 புள்ளி. கொச்சிக்கே போய்க் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தார்கள். நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு மேட்ச் கூட்டி 6-5 என்று தாண்டி, இறுதிப் போட்டிக்கே போய்விட்டார்கள். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளில்லாத ஃபதோர்டா ஸ்டேடியத்தில் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றது தனிச் சோகம்.

கோய்ல் வந்தார், அணி எழுந்தது. இப்படிச் சொன்னால் கதை கச்சிதமாக இருக்கிறது. முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அவ்வளவு கச்சிதம் இல்லை. கிரிகரியின் கடைசி இரண்டு மேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தை 2-1 என்று வென்றார்கள், ஒடிசாவுடன் 2-2. அதாவது 4 கோல், 4 புள்ளி. பழைய கோச் பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே வறட்சி தீர ஆரம்பித்துவிட்டது. கோய்லின் முதல் நான்கு மேட்ச்? ஒரு டிரா, ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. அதுவும் 4 புள்ளிதான். அதற்குப் பிறகு வந்த எட்டு மேட்ச்சில்தான் 20 புள்ளி. புது கோச் வந்த ராசி என்று சொல்வோர் நினைவில் அந்த இரண்டு தோல்விகளும் இருப்பதில்லை.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கல்லூரி மைதானத்தில் நூறு மாணவர்களை நிறுத்தி, ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டச் சொல்லுங்கள். சராசரியாக ஆளுக்கு ஐந்து தலை விழும். ஆனால் சுமார் 17 பேருக்கு மூன்றோ அதற்குக் குறைவாகவோதான் விழும். இவர்கள்தான் நம் மோசமான அணிகள். இந்த 17 பேருக்கும் ஒரு காசு சுண்டும் கோச்சை நியமியுங்கள். அவர் விசில் ஊதட்டும், கத்தட்டும், விரலை எப்படி வைப்பது என்று பாடம் எடுக்கட்டும். திரும்பச் சுண்டினால் ஏறக்குறைய 14 பேராவது முன்பைவிட நல்ல எண்ணிக்கை எடுப்பார்கள். கோச்சுக்கு மாலை போட வேண்டியதுதான்! அவர் மைதானத்துக்கே வராமல் வீட்டில் தூங்கியிருந்தாலும் அந்த 14 பேர் முன்னேறியிருப்பார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

எதிலெல்லாம் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறதோ, அதிலெல்லாம் படு மோசத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் கொஞ்சம் தேவலையாக இருக்கும், உச்சத்துக்கு அடுத்து வருவது கொஞ்சம் இறங்கியிருக்கும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர். ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து இதைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை.

கால்டன் கண்டுபிடித்தது காகிதத்தில் சுலபம், வாழ்க்கையில் அடையாளம் காண்பது கஷ்டம். பிற்பாடு நோபல் வாங்கிய டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப் படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தபோது ஒருவர் எழுந்து சண்டைக்கு வந்தார். நன்றாக ஓட்டிய பையனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை ஒழுங்காக ஓட்டுகிறான், ஆகவே திட்டுதான் வேலை செய்கிறது என்றார். கானமன் தரையில் ஒரு குறி வரைந்தார். எல்லாரையும் அதற்கு முதுகு காட்டி நிற்க வைத்து, இரண்டு காசுகளைப் பின்பக்கமாக எறியச் சொன்னார். முதல் காசை நன்றாக எறிந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் பின்தங்கினார்கள், மோசமாக எறிந்தவர்கள் முன்னேறினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை.

கோச்சை மாற்றுவதும் இதே வகை. நன்றாக ஆடும் அணி கோச்சை அனுப்பாது. சரிவின் அடியில்தான் அனுப்புவார்கள். அங்கிருந்து கொஞ்சம் ஏறுவது எப்படியும் நடக்க வாய்ப்புள்ளது. அந்த ஏற்றம் முழுவதும் வந்தவர் கணக்கில் ஏறிவிடும்.

அப்படியானால் கோச்சின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது? திண்டிவனத்துக்காரர்களுக்கு இதை வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை (வேர்க்கடலை) ரகங்கள், எள் ரகங்கள் எல்லாம் இந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு போனவைதான். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்றால் பழைய விவசாயிகளுக்கு விளக்கமே வேண்டாம். புது ரகம் ஒன்று வந்தால், போன வருடத்தைவிட இந்த வருடம் மகசூல் கூடியிருக்கிறது என்று யாரும் அங்கே விசில் அடிப்பதில்லை. இந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருக்கலாம். ஆகவே அதே நிலத்தில், அதே பருவத்தில், பக்கத்துப் பாத்திகளில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ரகத்தையும் போடுவார்கள். எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பார்கள். ஒரே பாத்தியை நம்பாமல் பல பாத்தி, ஒரே பருவத்தை நம்பாமல் பல பருவம். பழைய ரகத்தைத் தாண்டி எவ்வளவு காய்த்தது என்பதுதான் புது ரகத்தின் மதிப்பு.

கால்பந்தில் பக்கத்துப் பாத்தி எங்கே கிடைக்கும்? நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் தேடிப் பிடித்தார். அந்நாட்டு முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரை கோச்சை மாற்றிய அணிகளை எடுத்துக்கொண்டார். அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளை அவற்றோடு ஜோடி சேர்த்தார். மாற்றிய அணிகள் மீண்டன. மாற்றாத அணிகளும் அதே போல மீண்டன.

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் 1997 முதல் 2010 வரையிலான சீசன்களை வைத்து ஸ்காட் ஆட்லர், மைக்கேல் பெரி, டேவிட் டோஹெர்ட்டி மூவரும் இதே பாணியில் ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை இன்னும் கசப்பு. படுமோசமாக ஆடிய அணிகளுக்குக் கோச்சை மாற்றியதால் பெரிய வித்தியாசம் இல்லை. சுமாராக ஆடிக்கொண்டிருந்த அணிகளோ கோச்சை மாற்றிய பிறகு, மாற்றாத தங்கள் ஜோடிகளைவிட மோசமாக ஆடின. கோடிக்கணக்கில் டாலரைக் கொட்டி அவர்கள் வாங்கியது இதைத்தான்.

ரசிகனிடம் இந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தாலும் அடுத்த கோச் வரும்போது அவன் துள்ளத்தான் செய்வான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, தலைக்குள் இருக்கும் அமைப்பு அப்படி. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமின் சுரக்கும் செல்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். முதலில் சாறு வாய்க்கு வந்ததும் செல்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது சத்தமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. பரிசைவிடப் பரிசு வரப்போகிறது என்ற சேதிக்குத்தான் அந்தச் செல்கள் எழுந்து நிற்கின்றன. கோச் நியமனம் என்பது அந்த விளக்கு.

2003இல் ஃபியோரில்லோ, டோப்ளருடன் சேர்ந்து ஷூல்ட்ஸ் இன்னொன்றும் கண்டார். சாறு நிச்சயம் வரும் என்றாலோ, வரவே வராது என்றாலோ, காத்திருக்கும் நேரத்தில் செல்கள் சும்மா இருக்கின்றன. வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருக்கும்போதுதான் காத்திருக்கும் வேளையில் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உச்சத்துக்குப் போகிறது. பழைய கோச் என்ன செய்வார் என்பது நமக்குத் தெரியும். மூன்று வருடம் பார்த்தாயிற்று. புதியவர் பற்றி ஒன்றுமே தெரியாது. குரங்கிலிருந்து ஸ்டேடியத்துக்குத் தாவுவது நீண்ட தாவல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் மேட்ச்சுக்கு முந்தைய வாரம் ஏன் அத்தனை இனிப்பாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோச் என்றால் வெறும் பொம்மை என்று இதை வைத்து முடிவுகட்டினால் அதுவும் தப்பு. கிறிஸ்டோபர் பெரி, அந்தோணி ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க விளையாட்டுகளில் அணிகளின் வெற்றி ஏற்றத்தாழ்வில் 20 முதல் 30 சதவீதத்துக்குக் கோச் காரணம் என்று கணக்கிட்டார்கள். நல்ல கோச், மோசமான கோச் என்ற வேறுபாடு நிஜம். ஆனால் மாற்றத்துக்கென்று தனியாக ஒரு மந்திரம் கிடையாது. நல்லவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதற்கு மேல் கோல் போடும் ஆளும் வேண்டும். கோய்லின் அந்த 2019-20 சீசனில் நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். அவரைக் கோய்ல் கொண்டுவரவில்லை. கிரிகரி காலத்திலேயே அணியில் இருந்தவர்.

கோய்ல் பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2021-22இல் அந்த அணி 43 புள்ளியோடு லீக் ஷீல்டை வென்றது. இவ்வளவையும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2023இல் அவர் சென்னைக்குத் திரும்பி வந்தபோது ரசிகர்கள் கொண்டாடியதில் நியாயம் இருந்தது. முதல் சீசன் ஆறாவது இடம். அடுத்தது, 13 அணிகளில் பதினொன்றாவது. அதே கோச், அதே ஸ்டேடியம்.

2025இல் அவர் போனார், கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். ஒடிசாவுக்கு 2023இல் சூப்பர் கோப்பையை வென்று தந்தவர். பதினொன்றாவது இடத்தில் கிடந்த அணி அவர் கைக்கு வந்தது. காசு சுண்டும் கணக்குப்படி பார்த்தால், வேலைக்குச் சேர அதைவிட நல்ல நேரம் அமையாது.