சராசரியின் சுமை யார் தோளில்? வாகனக் காப்பீட்டுக் கட்டணமும் ஆண் பெண் வேறுபாடும்

இங்கிலாந்தில் ஒரு குடும்பம் வாழ்கிறது எனக் கொள்வோம். அக்குடும்பத்தில் பதினெட்டு வயதான இரட்டையர் உளர்; ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவரும் ஒரே நாளில் ஓட்டுநர் உரிமம் பெற்றனர். ஒரே வகைக் காரை வாங்கினர். இருவருமே இதுவரை எந்த விபத்துக்கும் காரணமானவர்கள் அல்லர். 2011ஆம் ஆண்டில் இவர்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தை அணுகியிருந்தால், மகனிடம் கேட்கப்படும் தொகை மகளிடம் கேட்கப்படுவதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்திருக்கும். அவன் ஆண் என்பதன்றி வேறு காரணம் இல்லை.

இதே நிலையிலுள்ள வேறோர் இரட்டையர் 2013இல் அதே நிறுவனத்தை அணுகியிருந்தால் இருவருக்கும் ஒரே தொகைதான். ஆனால் அந்தத் தொகை, இளம்பெண் ஒருத்தி முன்னர்ச் செலுத்தியதைவிட உயர்ந்ததாக இருந்திருக்கும். முன்னவன் செய்த தவறு என்ன? பின்னவள் செய்த தவறுதான் என்ன?

இவ்விரு கேள்விகளுக்கும் இடையே நீதியின் தராசு எப்பக்கம் சாய்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பீட்டுக் கணக்கின் இயல்பு

காப்பீடு என்பது பலருடைய பணத்தைத் திரட்டி, இழப்புக்கு உள்ளாகும் சிலருக்கு ஈடு செய்வதாகும். யாருக்கு விபத்து நேரும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். ஆயினும் ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு நேரும் என்பதைக் கடந்தகாலப் பதிவுகளைக் கொண்டு கணித்துவிடலாம். எனவே நிறுவனம் மனிதர்களைக் குழுக்களாகப் பிரிக்கிறது. வயது, வாழும் ஊர், தொழில், காரின் எஞ்சின் திறன், முந்தைய விபத்துகள் ஆகியவை அப்பிரிவுக்கு அளவுகோல்களாகின்றன. அவற்றுள் ஒன்றாகவே ஆண் பெண் வேறுபாடும் நெடுங்காலம் இருந்து வந்தது.

இவ்வளவுகோல் வெறும் கற்பனையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஆண்களே. இளைஞரிடையே இவ்வேறுபாடு மிகக் கூர்மையானது. 25 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் சாலையில் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுப் பெண்களுக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. விரைவு, மதுப் பழக்கம், துணிச்சலைக் காட்டும் வேட்கை ஆகியன இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆண்கள் மிகுந்த தொலைவு வண்டி ஓட்டுகின்றனர் என்பதையும் இங்குச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

நிறுவனம் இவ்வளவுகோலை விட்டுவிட விரும்பாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு நிறுவனம் மட்டும் இருபாலார்க்கும் ஒரே கட்டணம் விதித்தால், மற்றொரு நிறுவனம் இளம்பெண்களுக்குக் குறைந்த விலை காட்டி அவர்களை ஈர்த்துவிடும். முதல் நிறுவனத்திடம் இளைஞர்களே எஞ்சுவர், அதன் செலவு உயரும், கட்டணமும் உயரும். ஆகவே தனியொரு நிறுவனம் நல்லெண்ணத்தால் இவ்வழக்கத்தை மாற்றிவிட இயலாது. மாற்றம் வேண்டுமெனில் அது சட்டத்தின் வாயிலாகவே வருதல் வேண்டும்.

லக்சம்பர்க் தீர்ப்பு

ஐரோப்பிய ஒன்றியம் 2004 டிசம்பர் 13 அன்று ஒரு நெறியாணை பிறப்பித்தது. பொருள்களையும் சேவைகளையும் பெறுவதில் ஆண் பெண் வேறுபாடு கூடாது என்பது அதன் சாரம். காப்பீட்டுக் கட்டணத்திலும் அவ்வாறே என அது விதித்தது. ஆனால் அதன் 5ஆவது பிரிவில் ஒரு விலக்கும் இடம்பெற்றது. துல்லியமான புள்ளிவிவரங்களின்படி பாலினம் ஆபத்தைக் கணிப்பதில் தீர்மானமான காரணியாக இருந்தால், உறுப்பு நாடுகள் வேறுபட்ட கட்டணத்தை அனுமதித்துக்கொள்ளலாம் என்பதே அவ்விலக்கு. அதற்குக் கால வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை.

பெல்ஜியம் நாட்டின் டெஸ்ட்-ஆஷா என்னும் நுகர்வோர் அமைப்பு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு எழுந்தது ஆயுள் காப்பீடு குறித்தேயாகும். அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் கேள்வியை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2011 மார்ச் 1 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. ஆண் பெண் சமத்துவத்தை நிலைநாட்டவே பிறந்த ஆணை, அச்சமத்துவத்தைக் கால வரம்பின்றித் தள்ளிவைக்கும் விலக்கையும் தன்னுள் கொண்டிருப்பது முரண் என நீதிமன்றம் கருதியது. 2012 டிசம்பர் 21 முதல் அவ்விலக்கு செல்லாது என அறிவித்தது. ஆயுள் காப்பீட்டில் தொடங்கிய வழக்கு, இவ்வாறு வாகனக் காப்பீட்டையும் மாற்றியது.

தீர்ப்புக்கு முன்னர், 2010 செப்டம்பரில், அந்நீதிமன்றத்துக்குக் கருத்துரை வழங்கிய சட்ட அலுவலர் யூலியானே கோக்கொட் சுட்டிய ஒரு கருத்து நம் சிந்தனைக்குரியது. ஒருவருடைய ஆயுளையும் ஆபத்தையும் தீர்மானிப்பவை அவருடைய தொழிலும் பழக்கவழக்கங்களும் வாழும் முறையுமே; அவற்றை அளப்பது கடினம் என்பதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படும் பாலினத்தை அவற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்கின்றனர் என்பது அவர் கருத்தின் சாரமாகும்.

தீர்ப்புக்குப் பின்

விளைவு என்ன? பிரிட்டனில் இளம்பெண்களின் கட்டணம் இளைஞர்களின் கட்டணத்தை நோக்கி உயர்ந்தது. கவனமாக ஓட்டும் பெண்கள், தாம் செய்யாத விபத்துகளுக்கும் பணம் தருவதாகக் குறைபட்டனர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் சராசரியாக ஆண்கள் செலுத்தும் தொகை அதன் பின்னரும் கூடுதலாகவே இருந்து வந்தது. அவர்கள் திறன்மிக்க கார்களை வைத்திருப்பதும், மிகுந்த தூரம் ஓட்டுவதும், அதிகமான இழப்பீட்டுக் கோரிக்கைகளை எழுப்புவதும் காரணங்கள். தொழிலும் ஓர் அளவுகோலாக நீடிக்கிறது. கட்டடத் தொழிலில் ஆண்களும் செவிலியர் பணியில் பெண்களும் மிகுந்திருக்கையில், தொழிலின் பெயரால் பாலினமே மறைமுகமாக நுழைந்துவிடுவதும் உண்டு. வாயிலை அடைத்தால் பலகணி வழியே வருவது போன்றது இது.

அதேவேளையில் நன்மையான ஒரு வழியும் விரிந்தது. காரில் பொருத்தப்படும் கருப்புப் பெட்டி, வண்டியின் வேகம், தடைக்கட்டையை அழுத்தும் விதம், ஓட்டும் நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. ஓட்டுநர் யார் என்பதைவிட எவ்வாறு ஓட்டுகிறார் என்பதைக் கொண்டு கட்டணம் விதிக்க இது உதவுகிறது. ஒருவருடைய போக்குவரத்து முழுவதும் நிறுவனத்தின் கண்ணுக்குள் வந்துவிடுவது இதற்கு நாம் தரும் விலை என்பதையும் மறந்துவிடலாகாது.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1978இலேயே இக்கேள்வியை மற்றொரு வடிவில் சந்தித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் நீர், மின்சாரத் துறை, பெண்கள் சராசரியாக நீண்டநாள் வாழ்கின்றனர் என்னும் காரணத்தால், ஓய்வூதிய நிதிக்கு ஆண்களைவிட 14.84 விழுக்காடு கூடுதலாகப் பெண் ஊழியர்களிடம் பிடித்தம் செய்தது. சராசரி உண்மையே. எனினும் குறிப்பிட்ட ஒரு பெண் நீண்டநாள் வாழ்வாள் என்பதற்கு உறுதி ஏது? சட்டம் பாதுகாப்பது தனிமனிதரையே என்று கூறி, அப்பிடித்தம் சட்டவிரோதம் என நீதிமன்றம் தீர்த்தது. வாகனக் காப்பீட்டில் சராசரியால் பயனடைந்த பெண்ணினம், ஓய்வூதியத்தில் அதே சராசரியால் இழப்புற்றது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

வாகனக் காப்பீட்டில் அந்நாட்டின் மாநிலங்கள் வெவ்வேறு வழி சென்றன. மொன்டானா மாநிலம் 1985 முதல் பாலின வேறுபாட்டைத் தடை செய்திருந்து, 2021இல் அத்தடையை நீக்கியது. கலிபோர்னியா 2019 முதல் தடை செய்தது. அம்மாநில மக்கள் 1988இல் வாக்களித்து நிறைவேற்றிய ஒரு சட்டம், ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவ ஆண்டுகள் ஆகிய மூன்றுமே கட்டணத்தை முதன்மையாகத் தீர்மானிக்க வேண்டுமென விதித்திருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. பெண்களுக்கு எப்போதும் குறைந்த கட்டணமே என்னும் எண்ணம் முழு உண்மையன்று. அமெரிக்க நுகர்வோர் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வு, விபத்துப் பதிவு இல்லாத 40, 60 வயதுப் பெண்களிடம் பெரிய நிறுவனங்கள் பலவும் அதே வயது ஆண்களைவிடக் கூடுதலாகப் பெற்றதைக் காட்டியது. ஆபத்தின் அளவுகோல் எனப்படுவது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுமாயின், அது எத்துணை உறுதியான அளவுகோல் என வினவ நமக்கு உரிமையுண்டு.

உசூல் காட்டும் வழி

உசூலுல் ஃபிக்ஹ் எனப்படும் சட்ட மூலவியலை ஓதியவர்கள் இவ்விவாதத்தில் பழகிய குரலொன்றைக் கேட்பர். பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. அதன் ஹிக்மத், அதாவது உள்நோக்கம், சிரமத்தைக் குறைப்பதாகும். ஆனால் சிரமம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை அளக்க இயலாது. ஆகவே வெளிப்படையானதும் வரையறைக்கு உட்பட்டதுமான பயணத்தோடு சட்டம் பிணைக்கப்பட்டது. பயணம் என்பது சிரமத்தின் மழின்னா. அதாவது சிரமம் இருக்குமென எதிர்பார்க்கப்படும் இடம். இதனால் பல்லக்கில் செல்லும் மன்னனுக்கும் சலுகை உண்டு. ஊரிலேயே மூட்டை சுமப்பவனுக்கு இல்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் பாலினமும் இத்தகைய மழின்னாவே. உண்மையான காரணம் கவனமற்ற ஓட்டுதலாகும். அதைக் காண முடியாதபோது கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைப் பற்றிக்கொள்கின்றனர். அடையாளத்தைக் கொண்டு சட்டம் வகுப்பதை அறிவுக்கு முரணானது என நாம் தள்ளிவிட முடியாது.

ஆயினும் வேறுபாடுகள் இரண்டு உண்டு. முன்னது இறைவன் வகுத்த சலுகை. அதன் பயன் தகுதிக்கு மேற்பட்டவர்க்கும் சென்று சேர்வதால் எவர்க்கும் தீங்கில்லை. பின்னது மனிதர் வகுத்த சுமை. அது தவறிப்போய் நிரபராதியின் தோளில் ஏறுமாயின் அநீதியாகிறது. இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. ஹிக்மத்தையே நேரடியாகச் சட்டத்தின் காரணமாகக் கொள்ளலாமா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1233) மறைந்த இமாம் ஸைஃபுத்தீன் ஆமிதி, அந்த ஹிக்மத்தே வெளிப்படையானதாகவும் வரையறைக்கு உட்பட்டதாகவும் இருக்குமாயின் கொள்ளலாம் என்னும் கருத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழுகையின் சட்டத்தை மாற்றுவதற்காக இதனை நாம் கூறவில்லை. மனிதர் வகுத்த கட்டணத்துக்கு இம்முறையைப் பொருத்திப் பார்க்கிறோம். ஓட்டிய தூரமும் விபத்துப் பதிவும் ஓட்டும் முறையும் அளக்கத்தக்கவையாகிவிட்டபின், அவற்றின் நிழலாக நின்ற பாலினத்துக்கு அங்கே வேலையில்லை.

பொறுப்பைப் பகிர்தல்

வணிகக் காப்பீடு ஆகுமானதா என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி. 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை வணிகக் காப்பீட்டை மறுத்து, கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. அது ஒருபுறமிருக்க, இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை நம் சட்டநூல்களுக்குப் புதியதன்று. தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய தியத் தொகையைக் கொன்றவரின் ஆகிலா எனப்படும் உறவினர் குழு மூன்றாண்டுகளில் செலுத்தும். ஒருவருடைய சுமை மற்றொருவர் மேல் ஏறாது என்னும் பொதுவிதிக்கு இது மாறானதன்றோ என்னும் ஐயத்துக்கு, இது தண்டனையன்று, ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியே என விளக்கமளித்தனர்.

அங்கே பங்கிடப்பட்டது எவ்வாறு? உறவினருள் யார் கவனமற்றவர் என எவரும் கணக்கிடவில்லை. தாங்கும் ஆற்றலே நோக்கப்பட்டது. பெண்களும் சிறாரும் பங்களிப்பிலிருந்து விலக்கப்பட்டனர். ஆக, சுமையைப் பகிர மூன்று வழிகள் உள்ளன: ஆபத்தின் அளவுப்படி பகிர்தல், எல்லாரும் சமமாகப் பகிர்தல், ஆற்றலுக்கேற்பப் பகிர்தல். ஆகிலா மூன்றாம் வழி; காப்பீட்டு நிறுவனம் முதல் வழி; லக்சம்பர்க் தீர்ப்பு, பாலினத்தைப் பொறுத்த மட்டில், இரண்டாம் வழியின் பக்கம் நகர்ந்தது.

நம் முடிவு

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அதன் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையில், 1000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு 2,094 ரூபாயும், 1500 சி.சி. வரை 3,416 ரூபாயும், அதற்கு மேல் 7,897 ரூபாயும் விதிக்கப்பட்டன. ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்னும் கேள்வியே அங்கு இல்லை. அதே 2022இல், ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் முறையையும் கொண்டு சொந்த வாகனச் சேதக் காப்பீட்டுக்குக் கட்டணம் விதிக்கவும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இசைவளித்தது.

இவ்விரண்டும் இணைந்து காட்டும் பாதையே சரியானதென நாம் கருதுகிறோம். சட்டம் கட்டாயப்படுத்தும் காப்பீட்டில் பிறப்பால் வந்த அடையாளத்தைக் கொண்டு கூடுதல் சுமை ஏற்றுதல் தகாது. ஏனெனில் அங்கே விலகி நிற்கும் உரிமை எவர்க்கும் இல்லை. எஞ்சியதில், ஒருவருடைய நடத்தை பேசட்டும். பாலினத்தை மட்டும் நீக்கிவிட்டு நடத்தையை அளக்காமல் விடுவோமாயின், கவனமாக ஓட்டும் இளம்பெண்ணின் பணம் கவனமற்ற இளைஞனின் பிழைக்குச் செலவாகும். நடத்தையை அளக்கும் வழி இருந்தும் பாலினத்தைப் பற்றிக்கொண்டிருப்போமாயின், கவனமாக ஓட்டும் இளைஞன், தான் ஒருபோதும் கண்டிராத வேறோர் இளைஞனின் பிழைக்கு ஈடு செலுத்துவான்.

தொடக்கத்தில் நாம் கண்ட இரட்டையர் இருவருக்கும் நீதி செய்யும் கட்டணம், அவர்கள் சாலையில் நடந்துகொள்ளும் விதத்திலிருந்தே பிறக்க இயலும்.