பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள்

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மில் பலருக்கு, இங்கே முதன்முதலில் வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு வாய் தேநீர் கொடுத்த அயல்மொழிக்காரர் யார் என்பது இன்றும் நினைவிருக்கும். நாம் வந்தவர்கள், அவர் இருந்தவர். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களுக்கோ கதை தலைகீழ். அவர்கள்தான் இருந்தவர்கள். ஆனாலும் வந்த வெள்ளையர் பார்த்து இடம் கொடுத்தால்தான் உட்காரலாம் என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பூர்வகுடி மனிதருக்கு வாய்த்த வேற்றினச் சிநேகிதங்களைப் பற்றி வாசகர்களோடு கொஞ்சம் பேச ஆசை. அவர் பெயர் டக் நிக்கோல்ஸ்.

1906-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மரே நதிக்கரையிலுள்ள கம்மராகுஞ்சா குடியிருப்பில், யோர்ட்டா யோர்ட்டா இனத்தில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது போலீசார் வந்து அக்கா ஹில்டாவைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். பூர்வகுடிப் பெண்களை வீட்டுவேலைக்குப் பழக்கும் விடுதி ஒன்று தொலைதூரத்தில் இருந்தது, அங்கே சேர்க்கத்தான். வெள்ளைக்காரர் என்றதும் அந்தப் பையனுக்கு முதலில் என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தக் குடியிருப்பின் பள்ளி ஆசிரியரை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் என்று பெயர். 1859-ல் மொரீஷியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். குடும்பத்தின் வேர் மதராஸ் என்பார்கள். மெல்போர்ன் வந்தவர், டேனியல் மேத்யூஸ் என்ற மதப் பணியாளரைச் சந்தித்து, மரே நதிக்கரைக்கு வாத்தியாராகப் போனார். ஏடா கூப்பர் என்ற பூர்வகுடிப் பெண்ணை மணந்து அங்கேயே ஊன்றிவிட்டார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் பெரியவர்களுக்குப் பாடம் என்று சுமார் நாற்பது ஆண்டுகள்!

'பார்த்தீர்களா, அங்கேயும் நம்மாள்' என்று மார்தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். அவர் அந்த மக்களில் ஒருவராகவே வாழ்ந்து முடித்தார்; அவர் பிள்ளைகள் பூர்வகுடிகளாகவே வளர்ந்தார்கள். அவரைச் சொந்தம் கொண்டாடும் முதல் பாத்தியதை யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்குத்தான்.

டக் பதின்வயதிலேயே ஆட்டுப்பண்ணை வேலைக்குப் போய்விட்டார். ஐந்தடி இரண்டங்குல உயரம்; ஓட்டத்தில் மின்னல். ஆஸ்திரேலியாவுக்கே உரிய முட்டைப்பந்து ஆட்டத்தில் பேரெடுக்க ஆசைப்பட்டு, 1927-ல் மெல்போர்னின் கார்ல்ட்டன் கிளப்புக்குச் சென்றார். அங்கே ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் ஆட்கள் அந்தக் கறுப்பு உடம்பைத் தொட மறுத்தார்கள். அவர் வெளியேறி நார்த்கோட் அணியில் சேர்ந்து, 1929-ல் அது பட்டம் வெல்லக் காரணமானவர்களில் ஒருவரானார். 1932-ல் ஃபிட்ஸ்ராய் அணி அவரை அழைத்துக்கொண்டது. உடைமாற்றும் அறையில், பழைய அனுபவத்தால் ஒரு மூலையில் தனியாக ஒதுங்கினார். அப்போது அணியின் பெரிய நட்சத்திரமான ஹேய்டன் பன்ட்டன் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து உடைமாற்றத் தொடங்கினார். அந்த ஆட்டத்தின் உயர்ந்த விருதான பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை பெற்றவர் பன்ட்டன். அவரே உட்கார்ந்துவிட்ட பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பெரிய பிரசங்கம் ஏதும் அவர் செய்யவில்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள்.

சிநேகிதம் எதிர்த்திசையிலும் ஓடியது. ஜேம்ஸ் வாத்தியாரின் இரவுப் பள்ளியில் படித்த மைத்துனர் வில்லியம் கூப்பர், எழுபது வயதைத் தாண்டி மெல்போர்னுக்கு வந்து ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தை நடத்தினார். டக்கும் அதில் இறங்கினார். ஆர்தர் பர்டு என்ற வெள்ளைக்கார ரயில்வே ஊழியர், கூப்பரின் கடிதங்களுக்கெல்லாம் துணையாக இருந்தார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் நொறுக்கப்பட்ட செய்தி வந்ததும், டிசம்பர் 6-ஆம் தேதி கூப்பர் ஒரு குழுவோடு மெல்போர்னிலிருந்த ஜெர்மானியத் தூதரக அலுவலகத்துக்குக் கண்டன மனு கொண்டுபோனார். உள்ளே விடவில்லை. சொந்த நாட்டிலேயே உரிமை இல்லாத கிழவர், கடல் கடந்த இன்னோர் இனத்துக்காக வாசலில் நின்றார்.

இத்தனை நட்பு இருந்தும் சட்டம் எளிதில் அசையவில்லை. இங்கிலாந்து அரசருக்கு கூப்பர் 1,814 கையொப்பங்களோடு தயாரித்த மனுவை ஆஸ்திரேலிய அரசு அனுப்பவே இல்லை. 1939 பிப்ரவரியில், மேலாளரின் கெடுபிடி தாங்காமல் 150-க்கும் மேற்பட்டோர் கம்மராகுஞ்சாவை விட்டு நதியைக் கடந்து வெளியேறினார்கள்.

டக் பிறகு பாதிரியாரானார். 1957-ல் ஸ்டான் டேவி, கோர்டன் பிரையன்ட் போன்ற வெள்ளை நண்பர்களுடன் விக்டோரியாவில் பூர்வகுடி முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். 1967 பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பூர்வகுடிகளுக்கு ஆதரவாக வாக்களித்ததில் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு உண்டு. ஆனால் அதற்கு இரண்டே வருஷத்தில், சங்கத்தின் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: எங்கள் சங்கத்தில் பதவி நாற்காலிகளில் ஏன் வெள்ளையர்கள்? நிறம் பாராமல் சேர்ந்து உழைப்பதையே வாழ்நாள் கொள்கையாகக் கொண்ட டக்குக்கு அது சங்கடமான கேள்வி. என் அபிப்பிராயத்தில் இளைஞர்கள் கேட்டது நியாயம்தான். பக்கத்தில் உட்காருவது வேறு, நாற்காலியைத் தானே வைத்துக்கொள்வது வேறு. பூர்வகுடிகளே பிறகு அந்தச் சங்கத்தை ஏற்று நடத்தினார்கள்.

டக் 1972-ல் சர் பட்டம் பெற்றார். 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். அந்நாட்டில் கவர்னர் மாளிகைக்குள் அந்தப் பதவியோடு நுழைந்த முதல் பூர்வகுடி. உடல்நலம் கெட்டு ஐந்தே மாதத்தில் விலகினார். 1988-ல் காலமானபோது அரசு மரியாதை நடந்தது. உடலைக் கம்மராகுஞ்சாவுக்குக் கொண்டுபோய், கூப்பர் கிடக்கும் அதே இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.