யூரியா ஆர்கானிக்கா? நெய்வேலியிலிருந்து கொஞ்சம் வேதியியல்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

தொகுப்பாளர்: இன்னைக்கு நெய்வேலி டவுன்ஷிப்ல உட்கார்ந்து பேசுறோம். இங்கே பல வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தின ஆசிரியர் நம்மகூட இருக்கார். சார், தமிழ் வழியில படிச்சு, இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்த ஒரு தங்கச்சி நமக்கு எழுதியிருக்காங்க. “யூரியா ஆர்கானிக்கா?”ன்னு வகுப்புல கேட்டாங்களாம். “இல்லை, அது கெமிக்கல்”னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சிட்டாங்க. “பாடம் தெரியும், வார்த்தைதான் தெரியலை. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலை”ன்னு எழுதியிருக்காங்க.

ஆசிரியர்: பாவம், அந்தப் பொண்ணு சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு தம்பி. உரக்கடையில ஆர்கானிக்னா எரு, மண்புழு உரம். வேதியியல்ல அதே சொல்லுக்கு வேற பொருள்: கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மம். தமிழ்ப் புத்தகத்துல அதைத்தான் ‘கரிமச் சேர்மம்’னு படிச்சிருப்பாங்க. ‘கரி’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. யூரியா மூலக்கூறின் நடுவில் ஒரு கார்பன் அணு இருக்கு. அதனால அது ஆர்கானிக்தான். கார்பன் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல் மாதிரி சிலதை மட்டும் கார்பன் இருந்தும் இந்தக் கணக்குல சேர்க்கிறதில்லை.

தொகுப்பாளர்: யூரியாவை வச்சே கேட்டது தற்செயலா சார்?

ஆசிரியர்: இருக்காது. உயிருள்ள உடம்புதான் கரிமப் பொருளை உண்டாக்கும்னு ஒரு காலத்துல நம்பினாங்க. 1828-ல் ஜெர்மனியின் வோலர், சிறுநீரில் இருக்கிற யூரியாவை ஆய்வகத்திலேயே செஞ்சு காட்டினார். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நம்ம ஊர்லயும் 1966-ல் உரத் தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. லிக்னைட்டை வாயுவாக்கி, அதிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா.

தொகுப்பாளர்: அடுத்து அவங்க கேட்டிருக்கிறது பாலிமர், மோனோமர்.

ஆசிரியர்: பூச்சரத்தை நினைச்சுக்கோங்க. ஒரு பூ மோனோமர், அதாவது ஒற்றைப்படி. கட்டின சரம் பாலிமர், பலபடி. ‘பாலி’ன்னா பல. பாலி வினைல் குளோரைடுன்னா, ‘பாலி’க்கு அப்புறம் வர்ற வினைல் குளோரைடுதான் அந்தப் பூ. நம்ம பி.வி.சி. குழாய் அதுதான். பாலித்தீன்ல பூ எத்திலீன். அதன் இரட்டைப் பிணைப்பு திறந்துதான் சரம் கோர்க்குது. கோர்த்த பிறகு அந்த இரட்டைப் பிணைப்பு இருக்காது, பெயரில் மட்டும் ‘ஈன்’ ஒட்டிக்கிட்டு இருக்கும். தேர்வுல நிறையப் பேர் தடுக்கி விழுற இடம் இது.

இவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும்னு 1920-ல் ஸ்டாடிங்கர் எழுதினப்போ பெரிய வேதியியலாளர்களே ஏத்துக்கலை. 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. சொல் புரியாம முழிக்கிறது முதல் வருஷப் பிள்ளைகள் மட்டும் இல்லை!

தொகுப்பாளர்: லிக்னைட்டுக்கும் இதுக்கும் உறவு உண்டா?

ஆசிரியர்: நல்லாவே உண்டு. லத்தீன்ல ‘லிக்னம்’னா மரம். மரத்தில் செல்லுலோஸ், லிக்னின்னு இயற்கையே செஞ்ச பாலிமர்கள் இருக்கு. அப்படிப்பட்ட தாவரங்கள் மண்ணுக்கடியில கோடிக்கணக்கான வருஷம் அழுந்தி, மாறிப்போனதுதான் சுரங்கத்துல நாம தோண்டுற பழுப்பு நிலக்கரி.

அம்மா காலத்து லெக்கோ கரி ஞாபகம் இருக்கா? லிக்னைட்டைக் காற்றுப்படாமல் சூடாக்கித்தான் அதைச் செஞ்சாங்க. அப்போ வடிஞ்ச தாரிலிருந்து ஃபீனால், கிரசால் எல்லாம் பிரிச்சாங்க. இந்த ‘ஆல்’ விகுதியைக் கவனிங்க. மெத்தனால், எத்தனால், ஃபீனால், எல்லாத்துலயும் ஓ.எச். தொகுதி இருக்கும். ஒரு மூலக்கூறின் குணத்தைத் தீர்மானிக்கிற இந்த மாதிரிப் பகுதிக்கு வினைச்செயல் தொகுதின்னு பேர். இன்னொண்ணு, தரை துடைக்கிற ஃபினாயில் ஒரு கலவை. ஃபீனால் வேற. தோல்ல பட்டா வெந்துடும், உடம்புக்குள்ளயும் இறங்கும். லேப்ல இந்த ரெண்டு பேரையும் குழப்பிக்கவே கூடாது.

அதே ஃபீனாலை ஃபார்மால்டிஹைடோட சேர்த்து 1907-ல் பேக்லாண்ட் செஞ்சதுதான் பேக்கலைட். குக்கர் கைப்பிடியில பார்த்திருப்பீங்க. பால் கவர் சூட்டுல இளகும், கைப்பிடி இளகாது. ஏன்? பால் கவர்ல சரங்கள் தனித்தனி. கைப்பிடியில சரத்துக்குச் சரம் குறுக்கே முடிச்சுப் போட்ட வலை. முதலாவது இளகும் பிளாஸ்டிக், தெர்மோபிளாஸ்டிக். இரண்டாவது இறுகும் பிளாஸ்டிக், தெர்மோசெட். அதனாலதான் பால் கவரை உருக்கி மறுபடி வார்க்கலாம், கைப்பிடியை முடியாது.

தொகுப்பாளர்: அந்தத் தங்கச்சிக்கு என்ன சொல்லுவீங்க சார்?

ஆசிரியர்: ஒரு நோட்டை எடும்மா. இடது பக்கம் பலபடி, வலது பக்கம் பாலிமர். இடது பக்கம் கரிமம், வலது பக்கம் ஆர்கானிக். ரெண்டு வாரம் எழுதினா போதும். இடது பக்கம் உனக்கு ஏற்கெனவே தெரியும், பாதி வேலை முடிஞ்சாச்சு. நாளைக்கு வகுப்புல முதல் கேள்வியை நீயே கேளு.